வெறுங்கட்டையில் ஒரு வெட்டு

முதலில் குரல் வரும். அப்புறம் மீன் நிறைந்த அலுமினிய அன்னக்கூடை. கடைசியாகத்தான் ஆள்.

குருசுக்குப்பத்திலிருந்து நடந்து வந்து, முத்தியால்பேட்டையில் எங்கள் தெருமுனையில் திரும்பும்போதே, "ஏ... வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, கவளேய்ய்! வாங்கடி எங் கண்ணுங்களா!" என்று ஒரு சத்தம் எழும். மிக்சி ஓடும், டிவி ஓடும், குக்கர் விசிலடிக்கும். அத்தனையையும் இடித்துத் தள்ளிக்கொண்டு அந்தச் சத்தம் அடுப்படிக்குள் வந்து நிற்கும். எங்களுக்கு அவள் மீன்காரக்கா. பெயரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அப்படி ஒரு குரல் இருப்பவளுக்குப் பெயர் எதற்கு?

மெதுவாகப் பேச அக்காவுக்கு வராது. வரவே வராது. நாம் காதோடு காதாகக் கேட்டால், பதில் தெருமுனை வரைக்கும் போகும். "யக்கா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்" என்று அம்மா கெஞ்சுவாள்.

"ரகசியத்த வாய்க்குள்ள வச்சிக்கணும்னா வாய்க்குள்ள எடம் வேணும்டி. எனக்குப் பல்லே நெருக்கமா கீது!"

எதிர்வீட்டு டீச்சரம்மா வவ்வால் வாங்கினால் போதும். "டீச்சரம்மா வூட்டுல இன்னிக்கி வவ்வாலு! மாப்ள வந்துட்டாரு டோய்!" என்று தெருவுக்கே அறிவிப்பு. மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் எல்லார் வீட்டிலும் அவர் வந்த செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அக்காவுக்கு ஒரு நியாயம் இருந்தது. எங்கள் தெருச் சமாச்சாரத்தை எங்கள் தெருவில்தான் கத்துவாள். அடுத்த தெருக் கதையை இங்கே சொல்வாள், கைகாலை ஆட்டி நடித்தே காட்டுவாள், ஆனால் எந்த வீடு என்று சொல்லவே மாட்டாள். "கத தெரு தாண்டும். பேரு தாண்டாது" என்பாள். எவ்வளவு கிளறினாலும் அந்த ஒன்று மட்டும் வாயிலிருந்து வராது.

தட்டாஞ்சாவடியில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஷிப்டைக் குறைத்த வருஷம் அது. பேப்பரில் என்னென்னவோ எழுதினார்கள். எனக்கு அதெல்லாம் புரிந்ததில்லை. அக்காவின் கூடையைப் பார்த்தால் புரியும். எங்கள் தெருவைத் தாண்டும்போது வஞ்சிரம் அப்படியே கிடக்கும், கவளை காணாமல் போயிருக்கும். கவளை எலும்பு நிறைந்த சின்ன மீன். முன்பெல்லாம் அதைக் கடைசியில் கொசுறாகத்தான் அள்ளிப் போடுவாள். இப்போது அதற்குத்தான் எங்கள் தெருவில் அடிதடி.

ஊரெல்லாம் அப்படி என்று நினைத்துவிட வேண்டாம். அக்கா எங்கள் தெருவை முடித்துக்கொண்டு புல்வார் பக்கம், பழைய பிரெஞ்சுத் தெருக்களுக்குப் போவாள். அங்கே ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்தப் பெரியவருக்குப் பென்ஷன் யூரோவில் வரும். ரூபாய் மதிப்பு இறங்க இறங்க, அவருக்கு அது ஏறும்.

"ரூவா நம்ம வூட்டுல உழுந்தா அந்த வூட்டுல எழுந்து நிக்கிதுடி! பொன்ழூர் முசியேன்னு அவரு பாஷையில நான் ஒரு கொரல் குடுத்தா, சவா மதாம், சவான்னு ஓடியாறாரு. போன வாரம் சங்கரா வாங்கின மனுசன், இந்த வாரம் முழுக் கொடுவா வேணுங்கறாரு!"

அங்கிருந்து அடுத்த தெருவில் விருந்தினர் விடுதிகள். சனி ஞாயிறானால் சென்னைக் கார்கள் நிற்க இடமில்லாமல் ஒன்றையொன்று முட்டும். அங்கே இறாலுக்குச் சண்டை. "ஒரே படகுல வந்த மீனுதான்டி. ஒரு தெருவுல என் கூடையப் புடிச்சி இழுக்கறான். ஒரு தெருவுல என்னக் கண்டா கதவச் சாத்தறான். நடுவுல நாலு எட்டுதான் கீது!" என்று சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் தெருமுனை வரைக்கும் போகும்.

எங்கள் வீடும் கதவைச் சாத்திய வீடுதான்.

அப்பா இல்லை. அண்ணன் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் மெஷின் ஆப்பரேட்டர். நான் கதிர்காமத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறேன். ஒரு நாள் மத்தியானமே அண்ணன் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மேசைமேல் வைத்தான். அந்த டப்பாவைப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வஞ்சிரம் வாங்கிய அம்மா சங்கராவுக்கு இறங்கினாள். அதிலிருந்து கவளைக்கு. அன்றைக்கு அக்கா கூடையை இறக்கி வைத்து, கவளையை அள்ளி, கை பாதியில் நிற்க அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள்.

"இன்னாடி இது, கவளைக்கு வந்துட்ட? தம்பிக்கு வேல கீதா, இல்லியா?"

தெருவில் நான்கைந்து ஜன்னல்கள் திறந்தன. அம்மா மீனை வாங்காமலே உள்ளே வந்து கதவை மூடினாள். அடுப்பைப் பார்த்து நின்றபடி அழுதாள். எனக்கு அக்காவின் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் காலையில் கதவு திறக்கவில்லை. அக்கா கேட்டுக்கு வெளியே நின்று கத்தினாள். "எம்மேல கோவமா? கோவத்தப் போட்டு கொழம்பு வைக்க முடியாதுடி! கதவத் தொற!"

அம்மா விசுக்கென்று கதவைத் திறந்தாள். "நீங்க மீனா விக்கிறீங்க யக்கா? எங்க மானத்த இல்ல தெருவுல கூவிக் கூவி விக்கிறீங்க!"

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். பதிலும் அதே உச்சக்குரலில்தான் வந்தது. "மானத்த யாருடி வாங்கறா? வஞ்சிரமே வெல போவல!"

அம்மா சிரிக்கக்கூடாது என்று எவ்வளவோ பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் கவளைக் குழம்பு. மாங்காய் போட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், வஞ்சிரம் பக்கத்தில் நிற்க முடியாது.

அந்தச் சமயத்தில்தான் கட்டை தட்டுகிற வீட்டின் கதையைச் சொன்னாள். அக்காவின் கூடைக்குள் ஒரு புளியங்கட்டை இருக்கும், கூடவே ஒரு வெட்டுக்கத்தி. வஞ்சிரம் போலப் பெரிய மீனைத் துண்டு போட வேண்டுமென்றால் கட்டையில் வைத்து ஓங்கி வெட்ட வேண்டும். டொக், டொக் என்று அந்தச் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். கேட்டதும் தெரிந்துவிடும், இந்த வீட்டில் இன்றைக்குப் பெரிய மீன் என்று. கவளைக்கு வெட்டும் இல்லை, சத்தமும் இல்லை. கையாலேயே தலையைக் கிள்ளி எறிந்துவிடலாம்.

"ஒரு வூடு" என்று ஆரம்பித்தாள் அக்கா. "எந்தத் தெருவுன்னு கேக்கக்கூடாது. அந்தம்மா கவளைய வாங்கி முந்தானிக்குள்ள வச்சிக்கிச்சு. வச்சிக்கினு எங்கிட்ட இன்னா சொல்லுது தெரியுமா? 'மீன்காரம்மா, அந்தக் கட்டையில சும்மா நாலு தட்டு தட்டிட்டுப் போயேன், அக்கம்பக்கத்துக்குக் கேக்கட்டும்'னுது! வெறுங்கட்டைய வெட்டச் சொல்லுதுடி!"

"நீங்க தட்டினீங்களா?" என்றேன்.

"தட்டாம? முழு வஞ்சிரத்த வெட்டற மாதிரி தட்டினேன். இன்னிக்கி மீனு எலும்பு கெட்டிம்மான்னு கொரல் வேற குடுத்தேன்!"

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அண்ணன்கூடச் சிரித்தான், வேலை போனதற்கப்புறம் முதல் தடவையாக.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு வரன் வந்தது. தட்டாஞ்சாவடியிலேயே ஒரு பேக்கிங் கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க எங்கள் மெடிக்கலுக்கு வருவாராம். அப்படிப் பார்த்துத்தான் தரகரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்கும் அந்த முகம் ஞாபகம் இருந்தது. மிச்சச் சில்லறையை எண்ணாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாசல் வரைக்கும் போய் ஒரு தரம் திரும்பிப் பார்க்கிற ஆள். போனில் பேசச் சொன்னார்கள். என்ன பேசுவது? "சாப்டீங்களா?" என்றார். "ம்" என்றேன். "என்ன சாப்பாடு?" என்றார். வாயில் வந்தது வஞ்சிர வறுவல்.

"அட, எங்க வீட்லயும் அதேதாங்க!" என்றார்.

அதற்கப்புறம் எப்போது பேசினாலும் இரண்டு வீட்டிலும் வஞ்சிரம்தான். பேசிப் பேசி எனக்கு அந்தக் குரல் பிடித்துப்போனது. இந்த வரன் தட்டிப் போய்விடக் கூடாதே என்று ஒரு பயமும் வந்துவிட்டது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அண்ணன் கம்பெனியில் பர்மனென்ட் என்றுதான் தரகர் சொல்லி வைத்திருந்தார். "பொண்ணோட அண்ணனுக்கு வேலை இல்லன்னு தெரிஞ்சா, வந்தவங்க காபிய வச்சிட்டு எழுந்து போய்டுவாங்க. தட்டு மாத்தற வரைக்கும் யாரும் வாயத் தொறக்காதீங்க" என்றாள் அம்மா. பெண் பார்க்க வருவது ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வாயையெல்லாம் மூடிவிடலாம். அக்காவின் வாயை யார் மூடுவது?

சனிக்கிழமை அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, நாளைக்கு இவளப் பொண்ணு பார்க்க வர்றாங்க. நீங்க இந்தத் தெருப் பக்கம் வராதீங்க யக்கா." யார் வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. முடிவாகிற வரைக்கும் சொன்னால் கண் பட்டுவிடுமாம்.

"ஞாயித்துக்கெழம உங்க தெருவ உட்டுட்டு நான் எங்கடி போயி விக்கிறது?" என்றாள் அக்கா. அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். "வருவேன். ஆனா வாயத் தொறக்க மாட்டேன். எங் கடலம்மா மேல ஆண!" அந்தச் சத்தியமும் தெரு முழுக்கக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை. கேசரி, பஜ்ஜி, காபி. மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமன் மூன்று பேரும் கூடத்தில். அம்மா சிரித்துச் சிரித்து வாய் வலித்தவள்போல இருந்தாள். அண்ணன் நன்றாக இஸ்திரி போட்ட சட்டையில் தூணைப்போல நின்றான். "கம்பெனில வேலையெல்லாம் எப்படித் தம்பி?" என்று மாமன் கேட்டார். "போகுதுங்க" என்றான் அண்ணன். "உங்களுக்கு?" என்று மாப்பிள்ளையைக் கேட்டான். "போகுதுங்க" என்றார் மாப்பிள்ளை. நான் காபித் தட்டோடு உள்ளறை வாசலில் நிற்கிறேன்.

அப்போது அக்கா தெருவுக்குள் வந்தாள். சத்தமே இல்லாமல்.

அதுதான் விபரீதமாகப் போனது. வழக்கமான சத்தம் வராமல் கூடை மட்டும் வருவதைப் பார்த்ததும் தெரு ஜனம் பதறிப்போய்விட்டது. டீச்சரம்மா ஓடி வந்தார். "ஐயோ, அக்காவுக்கு என்ன ஆச்சு? பேச்சு வரல போலிருக்கே!" பின்னாலேயே இன்னொரு குரல்: "பிரஷரா இருக்கும். ஆட்டோவக் கூப்பிடுங்க! கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க!" அக்கா தலையை ஆட்டுகிறாள். உதட்டின் மேல் விரலை வைக்கிறாள், எங்கள் வீட்டைக் காட்டுகிறாள், மறுபடி உதட்டில் விரல். அவள் சைகை காட்டக் காட்டக் கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. ஒருவர் தண்ணீர்ச் சொம்போடு வந்து முகத்தில் தெளிக்கவே போய்விட்டார்.

"வெளியில என்ன கலாட்டா?" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வாசலுக்கு வந்தார். பின்னாலேயே என் அம்மாவும் ஓடினாள்.

அக்காவும் மாப்பிள்ளையின் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்காவின் கண் தட்டைப்போல விரிந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள்.

"சொல்லிட்டியா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"சொல்லிட்டீங்களா யக்கா?" என்றாள் என் அம்மா.

இரண்டும் ஒரே மூச்சில்.

அக்கா முந்தானையைத் துப்பினாள். "அடியே, நான் வாயே தொறக்கலியேடி! துணிய அடைச்சிக்கினு நிக்கிறவள ஆளாளுக்குச் சொல்லிட்டியா சொல்லிட்டியான்னா நான் எந்தக் கடல்ல போயி உழுவேன்?"

தெரு அப்படியே நின்றது. அம்மா மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தாள். "நீங்க எதச் சொல்லிட்டாங்களான்னு கேட்டீங்க?"

"நீங்க எதக் கேட்டீங்க?" என்றார் அவர்.

அண்ணன் வாசலுக்கு வந்தான். "எனக்கு வேலை போயிடுச்சுங்க" என்றான். அவ்வளவுதான். இஸ்திரி போட்ட சட்டைக்குள் அவன் தோள் கொஞ்சம் இறங்கியது.

கூடத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையும் எழுந்துவிட்டார். "எனக்கும்தாங்க. ஆடி மாசத்திலேருந்து இல்ல. போன்லயே சொல்லணும்னு பார்த்தேன். அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க."

தாய்மாமன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்லா இருக்கு கூத்து! அங்கயும் சம்பளம் இல்ல, இங்கயும் சம்பளம் இல்ல. எந்தத் தைரியத்துல கல்யாணம் பேசறது? கிளம்பலாம் வாங்க."

அவர் செருப்பைத் தேடினார். அந்தச் செருப்புச் சத்தம் எனக்கு நெஞ்சுக்குள் கேட்டது. கையில் காபித் தட்டு. என்ன வந்ததோ, அப்படியே வாசலுக்கு வந்துவிட்டேன்.

"எனக்கு மெடிக்கல்ல வேலை இருக்குங்க. அது போகல."

பெண் பேசலாமா என்பதுபோல மாமன் பார்த்தார். மாப்பிள்ளை மட்டும் வேறு மாதிரி பார்த்தார். "நான் சாயங்காலத்துல பைக்ல சாப்பாடு டெலிவரி குடுக்கறேங்க. பெருசா இல்ல. ஆனா சும்மா இல்ல" என்றார். அப்புறம், "அந்த வஞ்சிரம்கூட பொய்தாங்க" என்றார்.

"எங்க வீட்லயும்" என்றேன்.

அக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கடலம்மா ஆணையெல்லாம் போயே போச்சு. "வஞ்சிரமா! அடப் பாவிகளா, ரெண்டு வூட்டுக்கும் கவளைய அள்ளிக் குடுத்தவ நானு! அங்க கட்டையத் தட்டிட்டு வந்து அந்தக் கதய இங்க சொல்லிச் சிரிச்சதும் நானு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. பேர் தாண்டிவிட்டது. அத்தனை வருஷத்தில் முதல் தடவை. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவர் கழுத்தெல்லாம் சிவந்து போயிற்று. அந்த வீட்டை நினைத்து நாங்கள் எப்படிச் சிரித்தோம் என்பது ஞாபகம் வந்து நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

அம்மா அவர் பக்கத்தில் போனாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க கதவச் சாத்திக்கிட்டு அழுதோம். உங்களுக்காவது கட்டை தட்டணும்னு தோணுச்சே சம்பந்தி" என்றாள்.

சம்பந்தி. அந்த வார்த்தை அம்மா வாயிலிருந்து விழுந்துவிட்டது. விழுந்ததை அவளும் திரும்ப எடுக்கவில்லை, அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். குனிந்தபடியே தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தோம். நிமிர்ந்தால் சிரிப்பு. மாமன் ஒரு கால் செருப்போடு திரும்பி வந்து, "அந்த பஜ்ஜி ஆறிப்போச்சா?" என்றார்.

அக்கா கூடையைத் தலையில் ஏற்றினாள். அப்புறம் அவள் கத்தின கத்து! "முடிஞ்சிபோச்சு டோய்! நம்ம பொண்ணுக்கு முடிஞ்சிபோச்சு!" முத்தியால்பேட்டை மணிக்கூண்டில் மணி பார்த்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

கோயிலில் வைத்து எளிமையாகக் கல்யாணம் நடந்தது. அண்ணனுக்கு வேலை கிடைத்ததும் அக்காவின் குரலால்தான். விருந்தினர் விடுதி ஒன்றில் இறாலைக் கொடுத்துக்கொண்டே, "சமையக்கட்டுக்கு ஆளு வேணுமாடா? நல்ல புள்ள ஒண்ணு கீது!" என்று வாசலிலேயே கத்தியிருக்கிறாள். ஊரின் அந்தப் பக்கம் வேலை இருந்தது. எங்கள் பக்கம்தான் இல்லை.

இப்போது அக்கா வருவதில்லை. முட்டி ஒத்துழைக்காமல் மகளோடு காரைக்காலுக்குப் போய்விட்டாள். காரைக்கால் கொடுத்து வைத்தது. எனக்கு அவளை நினைத்தால் முதலில் வருவது, நான் மாமியார் வீட்டுக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமைதான்.

அந்தத் தெருவுக்கும் முதலில் குரல்தான் வந்தது. மாமியார் கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி நின்றார். முந்தானையை இழுத்து மூடவில்லை. பாத்திரத்தை நீட்டினார்.

"மீன்காரம்மா, ரெண்டு கூறு கவளை குடு!" கத்தியே சொன்னார்.

அக்கா கூடையை இறக்கினாள். கவளையை ஆய்ந்து பாத்திரத்தில் போட்டாள். அப்புறம் கத்தியை எடுத்து, வெறும் புளியங்கட்டையில் ஓங்கி ஒரு வெட்டு. டொக்!

"நான்தான் தட்டச் சொல்லலியே!" என்றார் மாமியார்.

"இது உனக்கு இல்லடி. மருமவ வந்த வூடு, சும்மா போவ முடியுமா? ஏ... இந்த வூட்டுல இன்னிக்கி புதுப்பொண்ணு, கவளேய்ய்!"

அந்தச் சத்தம் அடங்கக் கொஞ்சம் நேரமானது. அடங்கினதும் எதிர்வீட்டுக் கேட் கிறீச்சென்றது. பட்டுக்கரை போட்ட வீட்டுப்புடவையில் ஓர் அம்மா தலையை நீட்டினார். அந்தத் தெருவிலேயே பெரிய வீடு அதுதான். மாடியில் ஏசி இருந்தது. அவர் எங்கள் பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மீன்காரம்மா, எங்களுக்கும் கவளை ஒரு கூறு" என்றார். அப்புறம், கொஞ்சம் தாழ்ந்த குரலில்: "இனிமே கட்டை தட்ட வேணாம்."

மாமியார் மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கட்டை தட்டச் சொன்னது "ஒரு வூடு" என்றுதானே எங்களிடம் சொன்னாள்!

அக்கா எங்கள் இரண்டு பேர் கண்ணையும் தவிர்த்துவிட்டு, முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் எதிர்வீட்டுக்குப் போனாள்.